ஸ்டீல்ஹெட், சால்மன்: இன்னும் மனசை விட்டுப் போகாத அந்த ஒரு மீன்

ஈரக்கால்:
வாஷிங்டன் மாநிலத்தில் ஹோ ஆறு, பிப்ரவரி. சால்மன் மாதிரியே கடலுக்குப் போய் ஆற்றில் ஏறி வருகிற ஸ்டீல்ஹெட் மீனுக்காகப் போயிருந்தேன். மழை விட்டு மூன்றாம் நாள். கலங்கல் தெளிந்து அந்தப் பச்சை வந்திருந்தது, போனவர்களுக்குத் தெரியும். இரண்டு கையாலும் வீசுகிற 13 அடி ஸ்பே ராடு, நுனி மூழ்கும் சிங்க் டிப் தூண்டில் நரம்பு, முள்ளில் ஆரஞ்சும் பிங்குமாக இன்ட்ரூடர் என்கிற ஃப்ளை, அதாவது இறகும் நாரும் கட்டிய போலி இரை. இரண்டு நாளாக ஒரு தொடுகைகூட இல்லை. கை பாட்டுக்கு வீசிக்கொண்டிருந்தது, மனசு ஃபோர்க்ஸ் ஊரில் குடிக்கப்போகிற காபியில் இருந்தது. ஓட்டத்தின் குறுக்கே வளைந்து வரும் ஸ்விங் முடிந்து ஃப்ளை ஆற்றின் போக்கில் எனக்கு நேர் கீழே வந்து நின்றுவிட்டது. நரம்பை இழுக்கலாம் என்று விரல் வைத்த நேரம், கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துப் பார்ப்பதுபோல இரண்டு வெட்டு. ட்ரவுட் பிடித்துப் பழகிய கை. யோசிக்கும் முன்பே ராடைத் தூக்கிவிட்டது. நரம்பு தொளதொளவென்று கிடந்தது.

ஃப்ளையை எடுத்துப் பார்த்தால் முள்ளில் ஒரே ஒரு செதில். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை, அப்படியொரு வெள்ளி. உரிமச் சீட்டு இருக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தேன். இரண்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது.

ஹாரிசன்காரன்:
அண்ணா, மனசைக் கஷ்டப்படுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது கடி இல்லை. ஸ்டீல்ஹெட் வாயில் செதில் கிடையாது, தலையிலேயே கிடையாது. செதில் வந்தால் முள் உடம்பில் பட்டிருக்கிறது.

எனக்கும் இதே கதைதான். நவம்பர், கனடாவில் ஹாரிசன் ஆறு, சம் சால்மன் ஏறுகிற காலம். இருபது நிமிஷம் மல்லுக்கட்டினேன். ரீல் கைப்பிடி அடித்து விரல் முட்டியெல்லாம் ரத்தம். இதற்குமேல் ஒரு மீன் நமக்கு வராது என்று நினைத்தேன். கடைசியில் பார்த்தால், ரிப்பேரான ஆட்டோவைக் கட்டி இழுத்து வருவதுபோல வால் முன்னால் வருகிறது. முள் முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில். கரையில் நின்ற பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மீன் மறந்துவிட்டது, அந்தத் தொப்பி மறக்கவில்லை.

ஈரக்கால்:
உடம்பில் மாட்டிய மீன் இரண்டு தரம் இழுத்துப் பார்க்குமா தம்பி? ஒரே ஓட்டம்தான் ஓடும்.

அம்ப்குவா பழசு:
சண்டையை விடுங்கள். ஒரிகனில் நார்த் அம்ப்குவா ஆறு, ஃப்ளை மட்டும் அனுமதிக்கிற பகுதி, ஒரு ஆகஸ்ட் சாயங்காலம். மேல்தண்ணீரில் கோடு போட்டு வந்த மட்லர் ஃப்ளைக்கு ஒரே மீன் மூன்று தரம் எழும்பியது. மூன்றாம் தரம் மூக்கால் தள்ளிவிட்டுப் போனது. என் கதை இவ்வளவுதான்.

இப்போது ஈரக்காலுக்கு. ராடைத் தூக்கியதுதான் தப்பு. மீன் உங்களுக்கு நேர் கீழே, உங்களைப் பார்த்தபடி நிற்கிறது. தூக்கினால் முள் வாயிலிருந்து முன்பக்கமாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஒரு முழம் நரம்பைத் தளர்வாக விரலில் பிடித்திருங்கள். மீன் அதை எடுத்துக்கொண்டு திரும்பட்டும். திரும்பினால் முள் தாடை ஓரத்தில் தானே உட்காரும். முருகா முருகா முருகா என்று மூன்று தரம் சொல்லிவிட்டு, ரீல் கத்திய பிறகு ராடைக் கரைப்பக்கம் சாய்த்தால் போதும்.

அப்புறம், வால் பக்கம் இருக்கும் குட்டிச் சதைத் துடுப்பு வெட்டப்படாமல் இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன், பண்ணையில் வளர்த்து விட்டதல்ல. வாஷிங்டனில் அதை முழுசாகத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே கூடாது, போட்டோவுக்குக்கூட. ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகா வேடர்ஸ் மேல் பெல்ட் கட்டுகிறீர்களா? நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். விழுந்து உள்ளே தண்ணீர் நிறைந்தால் அந்தக் குளிரில் எழுந்து நிற்பதே பெரும்பாடு.

செதிலை லென்ஸில் பாருங்கள். மர வளையம் மாதிரிதான். ஆற்றில் கழித்த வருஷங்கள் நெருக்கமாக இருக்கும், கடலில் கழித்தவை அகலமாக. ஒரு தரம் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குப் போய் வந்த மீனென்றால் அந்தத் தழும்பும் தெரியும். இந்தப் பக்கத்து சால்மன் மாதிரி முட்டையிட்டதும் செத்துப்போகிற ஜாதி இல்லையே இது.

ஓட்டை வேடர்ஸ்:
தூக்கவே கூடாது என்றது சுருக்கென்றது. சோல் டக் ஆற்றில் என் முதல் மீன். சதைத் துடுப்பு முழுசாக இருந்தது. விதியும் தெரியும். மகன் போனை நீட்டிக்கொண்டு நின்றான். தூக்கினேன். வழுக்கிக் கூழாங்கல்லில் விழுந்தது. ஈரத்துணியைக் கல்லில் அடித்த சத்தம். நீந்தித்தான் போனது, ஆனால் சாய்ந்த மாதிரி போனது. போட்டோவில் என் வெறும் கைகள் மட்டும் இருக்கின்றன. மகன் அதை இன்னும் அழிக்கவில்லை.

ஈரக்கால்:
மகளுடைய மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் வளையங்கள் இருக்கின்றன. நடுவில் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி மாதிரி.

அம்ப்குவா பழசு:
அது மறுபடி முளைத்த செதில். பழையது எப்போதோ உதிர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய வயசு இதில் பதிந்திருக்காது. பெல்ட் கட்டுகிறீர்களா, இல்லையா?

ஹாரிசன்காரன்:
எப்படியோ, உடம்புச் செதில்தான் அண்ணா.