புதுப்பிப்பு: தானாக ஒலித்த குழாய் – காரணம் கிடைத்துவிட்டது

பழைய தேவாலயங்களின் குழாய் ஆர்கன்களை (கட்டையை அழுத்தினால் குழாய்க்குள் காற்று புகுந்து ஒலிக்கும் இசைக்கருவி) தேடிப் போகும் எங்கள் வேலூர்க் குழுவைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். ஓர் ஆலயத்தில் காற்றைத் திறந்ததுமே, யாரும் கட்டையைத் தொடாமல், ஒரு சுரம் ஓயாமல் ஒலித்தது. ஈரப்பதம்தான் காரணம் என்றீர்கள் பலர். சித்திரை வெயிலில், வேலூரில், ஈரமா!

நேற்று மறுபடி போய்க் குழாய்களுக்குக் காற்றை அனுப்பும் காற்றுப் பெட்டியின் முன்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். பெட்டிக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மர அடைப்பான் உண்டு. அதில் ஒட்டிய தோல்தான் காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அந்தத் தோல் வறண்டு அப்பளம்போல் விறைத்திருந்தது. போதாக்குறைக்கு, இடுக்கில் கடுகளவு மரச்சிராய். அதை எடுத்ததும் சத்தம் அடங்கியது. தோலை மாற்றத் தேர்ந்த கை வேண்டும்; நாங்கள் தொடவில்லை.

அதே ஆர்கனில் ஒலிக்காமலே இருந்த ஊமைக் குழாயைப் பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: அதன் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது, அவ்வளவுதான்.

சுருதி விஷயத்தில் தவறு என்னுடையது. ஆர்கன் பழுதாகிச் சுருதி ஏறிவிட்டதாக எழுதினேன். பழுதல்ல, வெயில்தான் காரணம்: காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடுகிறது. குழாயின் நீளமோ அப்படியே இருக்கிறது. 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் சுருதி அரைச் சுரத்தில் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். உள்ளே உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் குழாய்கள் அவ்வளவு ஏறுவதில்லை. இரண்டு வகையும் சேர்ந்து ஒலித்தால் காது கூசும். அன்று பகல் இரண்டு மணிக்குப் போனது எங்கள் புத்தி.

ஆடியில் மறுபடி போகிறோம், காலை ஏழு மணிக்கு. வருகிறவர்கள் டார்ச் கொண்டு வாருங்கள்.