பல்கலைக்கழகப் பசுமை வாரத்துக்கு நம் நிதியிலிருந்து 2,000 ரிங்கிட் கொடுக்கலாமா?

நிதிக்குழுச் செயலாளர் (திங்கள், இரவு 8.40)

அனைவருக்கும் வணக்கம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்காக நாம் நடத்திவரும் நலநிதிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேர் படிக்கும் பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழல் மன்றமும் இந்திய மாணவர் மன்றமும் சேர்ந்து ஏப்ரல் 22, பூமி நாளையொட்டி ஒரு வாரம் விழா நடத்துகின்றன. மரக்கன்று நடுதல், மறுசுழற்சிப் போட்டி, பழைய துணியில் பை தைத்தல், நிறைவுநாள் கலைநிகழ்ச்சி, இவற்றோடு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் வளாகத்துக்கு அழைத்துச் செல்வதும் திட்டத்தில் இருக்கிறது. 2,000 ரிங்கிட் கேட்கிறார்கள். அதில் 700 பஸ்ஸுக்கு. ஞாயிறன்று குழு கூடுகிறது. அதற்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.

மூன்றாம் லயத்தான் (திங்கள், இரவு 9.25)

கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

என் அம்மா பதினாறு ஆண்டுகள் தோட்டத்தில் மருந்து அடித்தார். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டு முடிந்ததும் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு செம்பனை நிரைக்குள் இறங்கினால் மதியம்வரை அதே வேலை. கையுறை கொடுத்தார்கள். அந்த வெக்கையில் அதைப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம்கூட நிற்க முடியாது. பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனையும். நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாக விழுந்தன. மூக்கில் ரத்தம் வந்த நாள்களில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இரண்டு வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் புல் மருந்தில் இருந்தது பராகுவாட் என்ற நச்சுக் களைக்கொல்லி என்பது எங்களுக்கு மிகப் பிறகுதான் தெரிந்தது.

2002இல் அதைத் தடை செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. 2006இல் தளர்த்திவிட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி முதல் தேதியில். இடையில் போன பதினெட்டு ஆண்டுகளும் மருந்து அடித்த பெண்களின் உடம்பில்தான் கழிந்தன. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இதைப் பேசியது, பெண் தொழிலாளர்களுக்காகப் போராடும் தெனாகானித்தா அமைப்பு பேசியது. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு எந்த மாணவர் மன்றமும் வந்து “கையைக் காட்டுங்கள் அம்மா” என்று கேட்கவில்லை. சுற்றுச்சூழல் என்பது துணிப்பையும் சுவரொட்டியும் என்று நினைக்கிற விழாவுக்கு, அந்தப் பெண்கள் மாதம் ஐந்தும் பத்துமாகப் போட்ட காசை எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விடுதி அறை 214 (திங்கள், இரவு 10.50)

ஐயா, அந்த நான்கு பேரில் நானும் ஒருத்தி. கடிதத்தை எழுதியதும் நான்தான். என் பாட்டி டோவன்பி தோட்டத்துப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்தபிறகு பதில் எழுத வெகுநேரம் கை வரவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

பூமி நாள் பிறந்ததே வளாகங்களில்தான். 1969இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராக் கடலில் எண்ணெய் கசிந்து கரையெல்லாம் கறுத்தது. அதைக் கண்ட கேலார்ட் நெல்சன் என்ற செனட்டர், பல்கலைக்கழகங்களில் ஒரு நாள் சுற்றுச்சூழலைப் பற்றிக் கூடிப் பேசுவோம் என்றார். 1970 ஏப்ரல் 22 அன்று ஏறக்குறைய 2 கோடிப் பேர் கலந்துகொண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த நாட்டில் சுற்றுச்சூழலுக்கென்று தனி அரசு அமைப்பே உருவானது. தேர்வுக் காலத்துக்கு முன்னால் அந்தத் தேதி விழுவதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று படித்தபோது, அவர்களும் எங்களைப் போன்றவர்கள்தானே என்று தோன்றியது.

எங்கள் வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் உண்டு உறங்குகிறோம். நாங்கள் எறியும் குப்பையும் வழியவிடும் தண்ணீரும் எங்கள் பொறுப்பு. அதைச் சரிசெய்யப் பழகாமல் தோட்டத்துக்கு வந்து உங்களுக்கு உபதேசம் செய்தால் அது முறையாகாது.

சாப்பாட்டுக் கடை (செவ்வாய், காலை 6.15)

நான் அந்த வளாகத்துச் சிற்றுண்டிச்சாலையில் கடை வைத்திருக்கிறேன். விடியற்காலை நான்கு மணிக்கு இங்கிருந்து கிளம்புகிறேன். அதனால் நேரில் கண்டதைச் சொல்லலாம் அல்லவா?

போன ஆண்டு பசுமை வாரத்தின் நிறைவு நாளில் நானூறு பேருக்கு பிரியாணி வெளியிலிருந்து வந்தது. எல்லாம் வெள்ளை போலிஸ்டைரின் பெட்டியில். மறுநாள் காலையில் மண்டபத்தின் பின்னால் குப்பைத்தொட்டி நிரம்பி வழிந்ததை நான் பார்த்தேன். காக்கைகள் இழுத்துப் போட்டதைத் துப்புரவு வேலை செய்யும் அக்காள் ஒருவர் தனியாகப் பொறுக்கினார். மேடையில் “நெகிழியைத் தவிர்ப்போம்” என்று எழுதிய பதாகை அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் நெகிழிதான்.

பிள்ளைகளைக் குறை சொல்லி முடித்துவிட நான் எழுதவில்லை. அதே மன்றத்துப் பிள்ளைகள்தான் பாத்திரம் கொண்டுவந்தால் 20 காசு குறைத்துக் கொடுக்கும்படி என்னிடம் வந்து கேட்டார்கள். ஒப்புக்கொண்டேன். முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள். தேர்வு தொடங்கும்போது நாளுக்கு முப்பது பேர் வந்தார்கள். அவ்வளவு பெட்டி எனக்கு மிச்சம். விடுமுறை முடிந்து புதிய பிள்ளைகள் வந்தபோது மறுபடியும் மூன்று பேர். ஆண்டுதோறும் புது முகம் வருகிற இடத்தில் ஆண்டுதோறும் சொல்லித்தான் ஆக வேண்டும். எனவே விழா வேண்டும் என்பேன். பிரியாணிப் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாம் லயத்தான் (செவ்வாய், பிற்பகல் 1.05)

சாப்பாட்டுக் கடை அக்காள் சொன்னதே என் கட்சிக்குப் போதும்.

214 தங்கைக்கு ஒரு கேள்வி. விடுதியில் அடுத்த ஆண்டும் இடம் கிடைக்க மெரிட் புள்ளி வேண்டும், நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டால் புள்ளி கிடைக்கும் என்று என் அண்ணன் மகன் சொல்கிறான். மரக்கன்று நட வருகிறவர்களில் எத்தனை பேர் மரத்துக்காக வருகிறார்கள்? நட்ட கன்றுக்கு மூன்று மாதம் கழித்துத் தண்ணீர் ஊற்றுவது யார்? அமெரிக்காவில் ஒரு நாள் கூடினார்கள், சட்டம் வந்தது என்கிறீர்கள். உங்கள் வாரம் முடிந்தபிறகு இந்தப் பேராக் மாநிலத்தில் எந்தச் சட்டத்தைக் கேட்டீர்கள்? யாருக்கு மனு கொடுத்தீர்கள்?

டயாலிசிஸ் குடும்பம் (செவ்வாய், மாலை 5.30)

நம் நிதி நோயாளிகளுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தொடங்கப்பட்டது. என் கணவருக்கு வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் எத்தனை வீட்டில் இதே நிலை என்று எண்ணிப் பாருங்கள். விழாவுக்குப் பணம் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. வேறு எதுவும் சொல்ல எனக்குத் தெரியாது.

ஆலைக்குட்டை (செவ்வாய், இரவு 9.10)

செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கழிவுநீர்க் குட்டைகளைப் பார்த்துக்கொள்வதுதான் கடைசிப் பத்து ஆண்டுகள் என் வேலை. இரண்டு பக்கத்தாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, எனவே சொல்கிறேன்.

ஒரு டன் செம்பனைக் குலை ஆலைக்குள் போனால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வெளியே வரும். பழுப்பு நிறம், கொழகொழப்பு, சூடு. அது விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ரசாயனம் சேர்ப்பதில்லை, எல்லாம் பழத்தின் சக்கையும் எண்ணெயும்தான். ஆனால் அதை அப்படியே ஆற்றில் விட்டால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னப் பெருகி, தண்ணீரிலுள்ள உயிர்வளியை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுமுட்டிச் செத்து மிதக்கும். இதை அளக்கும் கணக்குக்கு பிஓடி என்று பெயர். ஆலையிலிருந்து வரும்போது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆற்றில் விட 100க்குள் வர வேண்டும். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிமுறை வந்தது. குட்டை குட்டையாக விட்டு, வாரக்கணக்கில் ஊறவைத்துத்தான் அந்த அளவுக்கு இறக்க முடியும்.

குட்டையின் அடியில் சேறு சேர்ந்தால் கொள்ளளவு குறையும். தூர் வாரச் செலவாகும் என்று தள்ளிப்போடுவார்கள். பெருமழை வந்தால் வழியும். ஆற்றோரம் குடியிருப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். 2024இல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தியிருக்கிறார்கள். யாராவது பார்த்துப் புகார் செய்தால்தானே அபராதம்?

அந்த மன்றத்தில் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா? ஆய்வுக்கூடம் இருக்கிறதா? இருந்தால் ஒரு நாள் ஆற்றுக்கு வரச் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன். அப்படியானால் நானே 100 ரிங்கிட் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (புதன், காலை 10.20)

மூன்றாம் லயத்துத் தம்பியின் கோபம் நியாயமானது. ஆயினும் மாணவர்கள் நம்மைத் திரும்பிப் பார்த்ததே இல்லை என்று எழுதாவிட்டாலும், அந்த எண்ணம் அவர் வரிகளில் இருக்கிறது. அதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும்.

1974இன் கடைசியில் ரப்பர் விலை விழுந்தது. அரிசி, மாவு விலை ஏறியது. கெடாவில் பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் பசி தாங்காமல் தெருவில் இறங்கினார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் டிசம்பர் 3ஆம் தேதி திரண்டவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். மறு ஆண்டே பல்கலைக்கழகச் சட்டத்தை இறுக்கி, மாணவர் மன்றங்களின் கையையும் வாயையும் கட்டினார்கள். அந்தக் கட்டு தளரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதற்குப் பிறகு வந்த மன்றங்கள் கலைநிகழ்ச்சியும் சுவரொட்டிப் போட்டியுமாகச் சுருங்கியதற்கு மாணவர்களின் சோம்பல் மட்டும் காரணமில்லை. மரம் நடுவதற்கு அனுமதி கிடைத்தது, மனு கொடுப்பதற்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. இதே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்களிடம் பத்து வெள்ளியாகக் கேட்டார். கையில் எதுவும் இல்லாத நேரத்தில் நம்மவர்கள் நாளையை நம்பிக் காசு போட்டார்கள். பஸ்ஸுக்குரிய 700ஐக் கொடுங்கள் என்கிறேன். ஒரு தோட்டத்துப் பிள்ளை பத்து வயதில் பல்கலைக்கழக நூலகத்துக்குள் காலெடுத்து வைத்தால் அது மறக்காது. நாற்பது ஆண்டு வகுப்பில் நின்றவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

விடுதி அறை 214 (வியாழன், இரவு 11.35)

இரண்டு நாள் செயற்குழுவோடு பேசிவிட்டு எழுதுகிறேன்.

மெரிட் புள்ளிக்காக வருகிறவர்கள் உண்டு, ஐயா. நானே முதலாண்டில் அதற்காகத்தான் போனேன். அங்கே உட்கார்ந்து கேட்டதில் ஏதோ ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. போன ஆண்டு நட்ட கன்றுகளைப் போய் எண்ணினேன். நாற்பதில் பதினொன்று உயிரோடு நிற்கின்றன. உங்கள் கேள்விக்கு அதுதான் என் பதில், வெட்கத்தோடு எழுதுகிறேன். இந்த ஆண்டு பத்துக் கன்றுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு விடுதி அறை பொறுப்பு.

கலைநிகழ்ச்சி இருக்கும். பிள்ளைகள் மூன்று மாதமாக ஆடிப் பழகிவிட்டார்கள், அதை நிறுத்த எனக்கு மனமில்லை. சாப்பாடு கடை அக்காளிடமே, வாழை இலையில்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன். விழாவை வளாகத்தைவிட்டுத் தோட்டத்துக்கே மாற்றச் சொல்லாதீர்கள். நாளை சுற்றுச்சூழல் துறையில் ஆற்றுநீரைச் சோதிக்கப்போகும் அதிகாரி இப்போது எங்கள் வளாகத்தில்தான் படிக்கிறார். தோட்டத்துக்குத் துரையாகப் போகிறவரும், மருந்துக்கு அனுமதி கொடுக்கும் மேசையில் உட்காரப்போகிறவரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒரு லயத்தையும் கண்டதில்லை. உங்கள் அம்மாவின் கதையை அவர்கள் இருபது வயதில் கேட்க வேண்டும், ஐயா. அம்மா வளாகத்துக்கு வந்து பேசுவார்களா?

மூன்றாம் லயத்தான் (வெள்ளி, இரவு 8.15)

நாற்பதில் பதினொன்று என்று உள்ளதை எழுதினாயே தங்கை, அதற்கு நன்றி.

அம்மாவிடம் கேட்டேன். மேடை வேண்டாம் என்கிறார். பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் முன்னால் தனக்கு வாய் வராது என்கிறார். பிள்ளைகள் வீட்டுக்கு வந்தால் பேசுவாராம், எத்தனை பேர் வந்தாலும் தேநீர் போட்டுக்கொடுப்பாராம். எழுபத்து மூன்று வயதில் என் அம்மா தன் கைகளைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டது இதுதான் முதல் முறை. என்னிடம்கூடப் பேசியதில்லை.

2,000க்கு என் வாக்கு இல்லை. டயாலிசிஸ் குடும்பத்து அக்காள் சொன்னதற்கு யாரும் இங்கே பதில் சொல்லவில்லை, என்னிடமும் பதில் இல்லை. பஸ்ஸுக்கு 700 என்று குழு முடிவு செய்தால் எதிர்க்க மாட்டேன். ஆனால் அந்த பஸ் இரண்டு முறை ஓட வேண்டும். ஒரு முறை இங்கிருந்து அங்கே, இன்னொரு முறை அங்கிருந்து இங்கே.

நிதிக்குழுச் செயலாளர் (வெள்ளி, இரவு 9.00)

குறித்துக்கொண்டேன். ஞாயிறன்று 700 மட்டும் வாக்குக்கு வரும். பஸ் இரு முறை ஓடினால் அந்தத் தொகை போதுமா என்று விசாரிக்கிறேன். டயாலிசிஸ் குடும்பத்தின் கருத்தைக் கூட்டத்தில் முதலில் வாசிப்பேன்.

ஆலைக்குட்டை (வெள்ளி, இரவு 9.40)

மாணவர்கள் வருவதானால் சில செய்திகள். போத்தலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சோப்பு துளியும் இல்லாமல் பலமுறை அலசிக் கொண்டுவாருங்கள். ஆலை வாய்க்கால் ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இன்னும் கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் எடுக்க வேண்டும். மேலே எடுக்காவிட்டால் கீழே வருவது யாருடைய அழுக்கு என்று சொல்ல முடியாது. பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வுக்கூடம் சேர்க்க வேண்டும். அதன்பின் மூன்று நாள் 30 பாகைச் சூட்டில் வைத்துத்தான் முடிவு பார்ப்போம். நீங்கள் எடுக்கும் நீர் வழக்குக்கு உதவாது, அதற்குத் துறை அதிகாரியே வந்து எடுக்க வேண்டும். ஆனால் அவரை வரவழைக்க உதவும். மழை பெய்த மறுநாள் வாருங்கள். காலணி வழுக்காததாக இருக்கட்டும், அந்தக் கரை மோசமானது.