பாட்டியின் சாம்பார்பொடிக் குறிப்பு: வீசை, படி, பலம் எல்லாம் இன்றைய கணக்கில் எவ்வளவு?

கேள்வி (கறிவேப்பிலை):
பழைய நோட்டில் இருப்பது அப்படியே: "மிளகாய் அரை வீசை, மல்லி 3 படி, துவரம்பருப்பு 1 ஆழாக்கு, மிளகு 5 பலம், மஞ்சள் 3 பலம், வெந்தயம் 1வ பலம், பெருங்காயம் ஒரு ரூபா எடை." படி என்றால் ஒன்றரைக் கிலோ என்கிறார்கள். அப்படியானால் மல்லி மட்டும் நாலரைக் கிலோ வருகிறதே, சரியா? அந்த "வ" என்ன?

பதில் (தராசுத்தட்டு):
ஒன்றரைக் கிலோ என்பது அரிசிக்கு. படி முகத்தல் அளவு, எடை இல்லை. கொத்தமல்லி விதை உள்ளே வெற்று, லிட்டருக்கு 300–350 கிராம்தான் நிற்கும். ஒன்றரை லிட்டர் பிடிக்கிற படி என்று வைத்தால் 3 படி மல்லி ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். நாலரைக் கிலோ போட்டால் பொடி வெறும் மல்லிப்பொடியாகிவிடும், காரமே ஏறாது.

எடைகள்: 1 ரூபா எடை என்பது 1 தோலா, 11.66 கிராம். 3 தோலா 1 பலம், அதாவது 35 கிராம். 40 பலம் 1 வீசை, 1.4 கிலோ. ஆக மிளகாய் 700, மிளகு 175, மஞ்சள் 105 கிராம். "வ" என்பது கால் என்பதற்கான பழைய குறி. 1வ பலம் ஒண்ணேகால் பலம், 44 கிராம். பெருங்காயம் 12 கிராம்; இன்றைய ரூபாய் நாணயத்தை வைத்து நிறுக்காதீர்கள், பாதிகூடத் தேறாது. கடைத் தூளில் மாவும் கோந்தும் கலந்திருக்கும், அதனால் கொஞ்சம் கூட்டிப் போடலாம்.

பதில் (பித்தளைப்படி):
மேலே சொன்னது சரி, ஆனால் "ஒன்றரை லிட்டர் படி" என்பதை அப்படியே நம்ப வேண்டாம். சின்னப் படி, பெரிய படி என்று ஊருக்கு ஊர் மாறும். வீட்டில் அந்தப் படி இருந்தால் காலியாக நிறுத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மறுபடி நிறுங்கள். கூடிய கிராம்தான் மில்லி. எட்டால் வகுத்தால் ஆழாக்கு (2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி). படி கிடைக்காவிட்டால் ரைஸ் குக்கரோடு வரும் 180 மில்லி கப்பை ஆழாக்காக வைத்துக்கொள்ளலாம், பருப்புக்கு அது போதும்.

இன்னொன்று, தலைதட்டியா கோபுரமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மல்லி நன்றாகவே குவியும், மூன்று படிக்கும் சேர்த்தால் சின்ன வித்தியாசம் இல்லை.

பதில் (கல்லுப்பு):
இட்லி, அடை மாதிரிக் குறிப்புகளை மாற்றவே தேவையில்லை. நாலு ஆழாக்கு அரிசிக்கு ஒரு ஆழாக்கு உளுந்து என்றால் எந்த டம்ளரில் அளந்தாலும் விகிதம் ஒன்றுதான். இந்தக் குறிப்பு மாதிரி படியும் பலமும் கலந்து வந்தால்தான் தகராறு. அதைவிட மோசம் ஊறுகாய்க் குறிப்பில் "உப்பு ஆழாக்கு" என்பது. அது கல்லுப்பு. அதே ஆழாக்கில் தூள் உப்பு போட்டால் இடைவெளி இல்லாமல் அடைந்துகொள்ளும், எடை கூடி வாயில் வைக்க முடியாது.

பதில் (ரங்கூன்பெட்டி):
குடும்பம் பர்மாவிலிருந்து திரும்பியதா? அங்கே வீசை 1.63 கிலோ. நோட்டு அங்கே எழுதியதென்றால் மிளகாய் 700 இல்லை, 815 கிராம்.

கேள்வி கேட்டவர்:
இல்லை, கும்பகோணம்தான். அப்படியானால் 700. முதலில் கால் பங்குதான் அரைக்கப்போகிறேன்.

பதில் (தராசுத்தட்டு):
கால் பங்குக்கு மிளகாய் 5 பலம், 175 கிராம். மல்லி முக்கால் படி, அதாவது 6 ஆழாக்கு. நிறுத்தால் 350–400 கிராம். வெந்தயம் 11 கிராம். அதைச் சிவக்க விட்டால் கசக்கும், கடைசியில் சூட்டிலேயே போட்டுப் புரட்டி இறக்கிவிடுங்கள்.