ஜன்னலோர ஆர்க்கிட்: வேரைப் பார்த்துத் தண்ணீர் விட்ட கதைகள்

வீட்டுக்குள் ஜன்னலோரமாக ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எனக்குப் பரிசாக வந்தது ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை, வெள்ளைப்பூ. வரும்போதே தண்டில் 9 பூக்கள். இரண்டரை மாதம் ஒன்றுகூட வாடவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தினமும் காலையில் தண்ணீர் விட்டேன். மற்றச் செடிகளுக்கு ஊற்றும்போது இதற்கும் ஒரு குவளை. பூவெல்லாம் உதிர்ந்த பிறகு இலைகள் தொய்ந்து சுருங்க ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் அதிகமாக ஊற்றினேன். வேர் அழுகினாலும் இலை அதே மாதிரிதான் சுருங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உறிஞ்ச வேர் இல்லாமல், ஈரத்தில் நின்றபடியே செடி காய்ந்துகொண்டிருந்தது.

ஒருநாள் அலங்காரத் தொட்டியிலிருந்து வெளியே தூக்கினேன். அடியில் இரண்டு விரற்கடை அளவுக்குத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு வேரைப் பிடித்து லேசாக இழுத்தேன். மேல்தோல் உறை கழல்வதுபோலக் கழன்று கையோடு வந்துவிட்டது. உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்ததில் கெட்டியாக இருந்தவை இரண்டே வேர்கள்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இது மரக்கிளையில் தொற்றி வளரும் செடி. மழையில் நனையும், உடனே காற்றில் காயும். வேரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. அதற்கு வெலமன் என்று பெயர். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொள்ளும், உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரியும். அந்த உறைக்கு ஈரம் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். நான் காற்றே இல்லாமல் செய்துவிட்டிருந்தேன்.

அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டினேன். ஆர்க்கிட் நட உதவும் காய்ந்த பாசியை (ஸ்பாக்னம்) நனைத்து, சொட்டுத் தண்ணீர்கூட வராதபடி பிழிந்து, இருந்த இரண்டு வேர்களையும் அதில் வைத்தேன். வெளிச்சம் வரும், நேர் வெயில் படாத இடம். காற்றில் ஈரம் நிற்கட்டும் என்று மேலே ஒரு கண்ணாடித்தாள் பையைத் தளர்வாகக் கவிழ்த்தேன். இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாதம் அடி இலையைக் கிழித்துக்கொண்டு ஒரு புது வேர் எட்டிப் பார்த்தது. நுனி பளபளவென்று பச்சை. அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது!

இப்போது அது மரப்பட்டைத் துண்டுகள் நிரப்பிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது. எந்தக் கிழமை என்று பார்த்துத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன். தொட்டிக்குள் வேர்கள் வெள்ளியாகத் தெரிந்தால், 10 நிமிடம் தண்ணீரில் முக்கி எடுத்து நன்றாக வடியவிடுவேன். பச்சையாக இருந்தால் தொடுவதே இல்லை.

*

உங்கள் பதிவைப் படித்ததும் என் தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். நல்லவேளை, என்னுடையது வடிந்துதான் இருக்கிறது.

எனக்கு வந்த வருத்தம் வேறு. 7 மொட்டுகள் திரண்டு, நாளை விரியும் நாளை மறுநாள் விரியும் என்று காத்திருந்தேன். நான்கே நாளில் ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. செடி என்னவோ ஆரோக்கியமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்ததில் இரண்டு காரணம் தோன்றியது. மொட்டு விட்டதும் எல்லோரும் பார்க்கட்டும் என்று ஜன்னலிலிருந்து எடுத்துக் கூடத்து மேசைக்கு மாற்றியிருந்தேன். பக்கத்திலேயே பழத்தட்டு. பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை விடும், அது மொட்டுகளை உதிர்க்கும். குளிர்சாதனக் காற்று நேராக அடித்தாலும் இப்படி ஆகலாம். இப்போதெல்லாம் மொட்டு வந்தால் கடைசிப் பூ விரியும்வரை செடி இருந்த இடத்திலேயே இருக்கும். தொட்டியைத் திருப்புவதுகூடக் கிடையாது. திருப்பினால் தண்டு வெளிச்சத்தைத் தேடி வளைந்து, பூக்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும்.

*

என் செடி மூன்று வருடம் இலையாகவே விட்டது. கரும்பச்சையில் பெரிய பெரிய இலைகள். பார்க்க அழகு, ஆனால் பூ இல்லை. அந்தக் கரும்பச்சையே வெளிச்சம் போதாததற்கு அடையாளமாம். கிழக்கு ஜன்னலுக்கு மாற்றியதும் இலை கொஞ்சம் வெளிர்ந்தது. ஆர்க்கிட்டுக்கு அந்த நிறம்தான் நல்லது. மேற்கு ஜன்னலிலும் வைத்துப் பார்த்தேன், மதிய வெயிலில் ஒரு இலை வெந்து கறுத்துவிட்டது. அங்கே மெல்லிய திரை இல்லாமல் சரிவராது.

இன்னொன்று, இரவுக் குளிர். இரவில் 16 முதல் 18 டிகிரி வரை இறங்கும் நாட்கள் மூன்று நான்கு வாரம் கிடைத்தால் ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடும். இரவில் ஜன்னல் அருகே அறையின் மற்ற இடங்களைவிடக் குளிராக இருக்கும். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

*

சின்னதாக ஒன்று. இலை நடுவில் குருத்தில் தண்ணீர் நின்றால் உடனே காகிதத்தால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஃபெலனாப்சிஸுக்கு இருப்பது ஒரே குருத்து. ஒரு ராத்திரி ஈரம் நின்று எனக்கு அது அழுகிவிட்டது. பிழைக்கவில்லை.

*

எல்லோரும் ஃபெலனாப்சிஸ் பற்றியே எழுதுகிறீர்கள். என்னிடம் இருப்பது டென்ட்ரோபியம், நோபிலி வகை. இதற்குக் கணுக்கணுவாகத் தடித்த தண்டுகள். முதல் வருடம் சில தண்டுகளில் இலையெல்லாம் உதிர்ந்துவிட்டது. காய்ந்துபோயின என்று நினைத்து நான்கையும் அடியோடு வெட்டினேன். பூ வரவேண்டியதே அவற்றில்தான்! முந்தைய பருவத்தில் முற்றிய தண்டின் கணுக்களில்தான் அது பூக்கும். இலை இல்லாத தண்டிலும் தண்ணீரும் சத்தும் சேமிப்பாக இருக்கும். பச்சையாகவும் கெட்டியாகவும் இருக்கும் தண்டை யாரும் வெட்டிவிடாதீர்கள், தயவுசெய்து.

குளிர்காலத்தில் உரத்தை நிறுத்தி, தண்ணீரையும் வெகுவாகக் குறைக்க வேண்டும். மனம் கேட்காமல் தொடர்ந்து ஊட்டினால் பூ வரவேண்டிய கணுவில் குட்டிச்செடி முளைக்கும். எனக்கு ஒரு வருடம் ஐந்து குட்டிகள், ஒரு பூகூட இல்லை. அடுத்த வருடம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவைத்தேன். தண்டு முழுக்கப் பூ.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடி வந்திருக்கிறேன். அந்தச் செடியை இரண்டு வேரோடு எடுத்து வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்று காலை இலையைத் துடைக்கும்போது மேலிருந்து மூன்றாவது இலைக்கடியில் ஒரு பச்சை முனை தெரிந்தது. வேராக இருக்குமோ என்று சந்தேகம். வேர் நுனி உருண்டு மழமழவென்று இருக்கும், கீழ்நோக்கி இறங்கும். இது கொஞ்சம் தட்டையாக, பக்கவாட்டில் ஒரு சின்ன மடிப்போடு, விரல் மூடிய கையுறை மாதிரி மேல்நோக்கி நிற்கிறது. பூந்தண்டுதான். விரிய இன்னும் மூன்று மாதமாவது ஆகும். ஜன்னல் பக்கம் இருந்த பழத்தட்டை அடுக்களைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். தொட்டியைத் திருப்பவில்லை.