கார் செட்டை வீட்டு ஹாலில் வைக்கலாமா? உப்புக்காத்து ஊர்க்காரங்க வாதம்

மண்டபம் 12வோல்ட்
காரை விக்கும்போது கழட்டி வெச்ச பாட்டு செட்டை வீட்ல போட்டா வேலைக்கு ஆகாதுன்னு இங்க திரும்பத் திரும்பச் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். பேச்சு அந்தரத்துல நிக்காம இருக்க, இதையே உதாரணமா வெச்சுக்குவோம்: நாலு சேனல் கிளாஸ் ஏபி ஆம்ப், அதாவது ஸ்பீக்கரை ஓட்டுற ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு (ஃபியூஸ் 30 ஆம்பியர்), 6×9 இஞ்ச் கோஆக்சியல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி (உச்ச ஒலிக்கான குட்டி ட்வீட்டர் நடுவுலயே இருக்கும்), பேஸுக்கு 12 இஞ்ச் சப்வூஃபர் ஒண்ணு (மின்தடை 4 ஓம்). ஹால் 12க்கு 15 அடி. மண்டபத்துலயோ பாம்பன்லயோ வீடு.

பொருள் கையில இருக்கு. நம்ம பக்கம் பாதி வீட்ல 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியோட இன்வெர்ட்டர் நிக்குது, அதாவது 12 வோல்ட் ஏற்கெனவே வீட்டுக்குள்ள இருக்கு. கரண்ட் போனாலும் பாட்டு நிக்காது. இன்னொண்ணு, கார் ஸ்பீக்கர்ல பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் கோனும் ரப்பர் விளிம்பும் போட்டிருப்பாங்க. மழையும் வெயிலும் படுற கதவுக்குள்ள உக்கார்றதுக்குன்னே செஞ்சது. காகிதக் கோன், ஃபோம் விளிம்பு போட்ட வீட்டு ஸ்பீக்கர் கடலோரத்துல சில வருஷத்துலயே விளிம்பு பொடிப்பொடியா உதிர்ந்துடும்.

கீழக்கரை ஒலி
ஸ்பீக்கரைப் பத்தி நீங்க சொன்னது சரி. ஆம்ப் விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்லை.

முதல்ல வாட் கணக்கு. பெட்டி மேல 1200 வாட்னு போட்டிருந்தா அதைப் படிக்கவே வேண்டாம், ஃபியூஸைப் பாருங்க. 30 ஆம்பியரை 13.8 வோல்ட்டால பெருக்கினா 414 வாட். கிளாஸ் ஏபி அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஸ்பீக்கருக்கு அனுப்பும், மிச்சம் சூடாப் போயிடும். ஆக நாலு சேனலுக்கும் சேர்த்து 230 வாட், சேனலுக்கு 55 போல. இந்த 55க்காக வீட்ல 30 ஆம்பியர் தர்ற சப்ளை வேணும், தடியான வயர் வேணும். டிபிஏ3116 சிப் போட்ட கிளாஸ் டி (கரண்டை அதிகம் சூடாக்கி வீணாக்காத வகை) ஆம்ப் போர்டு ஒண்ணை வாங்கி 24 வோல்ட் அடாப்டர்ல மாட்டுங்க. உள்ளங்கை அளவுதான் இருக்கும், 4 ஓம்ல சேனலுக்கு 50 வாட் பக்கம் கொடுக்கும், தொட்டாலும் சுடாது.

அடுத்தது இன்வெர்ட்டர் பேட்டரி. இன்வெர்ட்டர் 10.5 வோல்ட் பக்கம் வந்தா தன் லோடைத் தானே வெட்டிக்கும். நீங்க பேட்டரி முனையிலேயே நேரா மாட்டுற ஆம்ப் இன்வெர்ட்டர் கண்ணுல படாது. அது பாட்டுக்கு இழுத்துட்டே இருக்கும், பேட்டரி அடிமட்டத்துக்குப் போய் தகட்டுல சல்பேட் படியும். செட்டை மிச்சம் பிடிக்கப் போய் பேட்டரியைப் பறிகொடுக்குறதா?

மண்டபம் 12வோல்ட்
கீழக்கரை காக்கா, கேக்க வேண்டிய கேள்வியத்தான் கேட்டிருக்கீங்க, அதுக்கு வழியும் இருக்கு. பேட்டரிக்கும் ஆம்புக்கும் நடுவுல வோல்ட் குறைஞ்சா வெட்டுற மாட்யூல் ஒண்ணு போட்டு 11.5ல வெச்சுட்டா முடிஞ்சது. ரிலே 30 ஆம்பியர் தாங்கணும். சின்ன ரிலேன்னா ஆம்போட ரெம் கம்பியை (ஆம்பை எழுப்புற ரிமோட் சிக்னல் கம்பி) மட்டும் வெட்டினாலே போதும், ஆம்ப் தூங்கிடும்.

பாட்டு கேக்குறப்போ எப்பவும் 30 ஆம்பியர் ஓடாது. ஹால்ல பேச்சு கேக்குற அளவு சத்தத்துல சராசரி 4லருந்து 6 ஆம்பியர். 5னு வெச்சுக்கிட்டா பேட்டரியில பாதி, 75 ஏஹெச், 15 மணி நேரம் வரும். ஃபேனும் லைட்டும் அதே பேட்டரியில 20 ஆம்பியர் இழுத்தா 3 மணி நேரம்கூட முழுசா நிக்காது, அதை மறைக்கல.

பேட்டரி வேண்டாம்னா எல்இடி கடையில விக்கிற 12 வோல்ட் 33 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (230 வோல்ட்டை 12 ஆக்கித் தர்ற சப்ளை பெட்டி) எடுங்க. டெர்மினல் பக்கத்துல சின்னதா ஒரு திருகு இருக்கும், மீட்டர் வெச்சுக்கிட்டு 13.5 வரைக்கும் ஏத்துங்க. பாசிட்டிவ், நெகட்டிவ் ரெண்டும் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, நீளம் 2 மீட்டருக்கு மேல வேண்டாம். போக வர 4 மீட்டர், 25 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் விழும். வீட்டு வயரிங்ல மிஞ்சின 2.5 கம்பியைப் போட்டா அதே இடத்துல 0.7 வோல்ட் போயிடும், பேஸ் அடிக்கும்போது சத்தம் தளரும். எஸ்எம்பிஎஸ்ஸோட 230 வோல்ட் பக்கம் எர்த் கட்டாயம்.

ஆம்ப் உயிர் வரலைன்னு நிறைய பேர் கேக்குறாங்க. பெரும்பாலும் ரெம் முனை சும்மா கிடக்கும். பாசிட்டிவ்லருந்து சின்ன சுவிட்ச் வழியா ரெம்முக்கு 12 வோல்ட் கொடுங்க, அவ்வளவுதான்.

1 ஃபாரட் கெப்பாசிட்டரையும் கார்லருந்து கழட்டிட்டு வந்திருந்தா அதை நேரா எஸ்எம்பிஎஸ்ல மாட்டாதீங்க. சப்ளை அதை ஷார்ட்னு நினைச்சு வெட்டும், திரும்ப முயற்சிக்கும், திரும்ப வெட்டும். டிக் டிக்னு விளக்கு சிமிட்டிட்டே நிக்கும். 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வழியா ஒரு நிமிஷம் நிரப்பிட்டு அப்புறம் நேரா மாட்டணும். வீட்டு செட்டுக்கு அது இல்லாமலே ஓடும்.

தொண்டி தச்சு
ரெண்டு பேரும் கரண்டுக்கே மல்லுக்கட்டுறீங்க. கார் ஸ்பீக்கர் வீட்ல ஏமாத்துறது பெட்டியிலயும் ஹால்லயும்.

கார்ல அதே சப் நெஞ்சுல இடிக்குறதுக்குக் காரணம் கார்தான். உள்நீளம் 2.5 மீட்டர்னா கிட்டத்தட்ட 68 ஹெர்ட்ஸுக்குக் கீழ கூடு முழுக்க ஒரே அழுத்தமா வேலை செய்யும். அதுக்குக் கீழ ஒவ்வொரு ஆக்டேவுக்கும் (ஹெர்ட்ஸ் பாதியாகுற ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வரைக்கும் கூடும். 34 ஹெர்ட்ஸ்ல 12 டெசிபல் இலவசம், வாட்ல சொன்னா 16 மடங்கு. 15 அடி ஹால்ல இந்தக் கணக்கு 37 ஹெர்ட்ஸுக்குக் கீழதான் ஆரம்பிக்கும். அதுவும் கதவு ஜன்னலை அடைச்சு வெச்சிருந்தா. நம்ம ஊர்ல கடக்காத்துக்கு எல்லாத்தையும் திறந்து போட்டுத்தான் உக்காருவோம், அழுத்தம் எங்க நிக்கும்? அதனால கார்ல வந்த இடி வரல, சப் போயிடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. சுவர் ரெண்டும் சேர்ற மூலையில வையுங்க, கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

12 இஞ்சுக்கு அடைச்ச பெட்டி 35 லிட்டர் பக்கம் போதும். உள்ளளவு 36×36×28 சென்டிமீட்டர்னா 36 லிட்டர், சப்போட காந்தம் ரெண்டு மூணு லிட்டர் அடைச்சுக்கும். 6×9க்கு ஆளுக்கு 15லருந்து 20 லிட்டர், உள்ளளவு 22×36×20 எடுத்தா 16க்குக் கொஞ்சம் குறைவா வரும். 6×9ஐப் பெட்டியே இல்லாம அலமாரி மேல கவுத்து வெச்சுட்டு பேஸ் இல்லைன்னு சொல்றதுல அர்த்தமில்லை. முன்பக்கக் காத்தும் பின்பக்கக் காத்தும் ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும்.

பலகைதான் நம்ம பக்கம் முக்கியம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை) வாங்காதீங்க. திருகு போட்ட ஓட்டை வழியா ஈரம் இறங்கி விளிம்பு ரொட்டி மாதிரி உப்பும், திருகு பிடிப்பு விடும், அப்புறம் பெட்டி கரகரக்கும். 18 மில்லிமீட்டர் மெரைன் பிளை, மேல ஐ.எஸ். 710னு முத்திரை இருக்கான்னு பாத்து எடுங்க. ஐ.எஸ். 303 முத்திரை வேற ரகம், விலையும் கம்மி, அதைக் காட்டி மெரைன்னு சொன்னா வாங்க வேண்டாம். அறுத்த விளிம்பு எல்லாத்துக்கும் ரெண்டு கோட் வார்னிஷ், ஸ்பீக்கர் உக்கார்ற வட்டத்தோட உள்விளிம்பு உட்பட. எல்லாரும் அந்த விளிம்பைத்தான் மறப்பாங்க, ஈரம் அங்கதான் முதல்ல ஏறும். திருகு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 6×9 பெட்டிக்குள்ள ரெக்ரான் (பாலியெஸ்டர்) பஞ்சைத் தளர்வா நிரப்புங்க, நடுக்குரல்ல கேக்குற குடம் சத்தம் அடங்கும். இலவம்பஞ்சு போடாதீங்க, ஈரத்தைக் குடிச்சுக் கட்டியாகிடும்.

கீழக்கரை ஒலி
தச்சு அண்ணே, 36×36×28 அளவைக் குறிச்சு வெச்சுக்கிட்டேன், நன்றி.

ஓம் விஷயத்தை யாரும் இன்னும் தொடல. அதுலதான் ஆம்ப் கருகுது. கார் ஸ்பீக்கர் 4 ஓம். வீட்டு ஆம்ப் நிறைய 6லருந்து 16 ஓம்னு முதுகுல எழுதியே வரும். அதுல 4 ஓம் மாட்டினா, 8 ஓமுக்கு ஓடுறதை விட கரண்ட் இரட்டிப்பாகும். சத்தம் கம்மியா இருக்குறவரைக்கும் ஒண்ணும் தெரியாது, ஏத்தினதும் புரொடெக்‌ஷன் அடிக்கும். புரொடெக்‌ஷன் இல்லாத பழைய ஆம்ப்ல அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். நாலு ஸ்பீக்கர் இருந்தா ஒரு பக்கத்துக்கு ரெண்டைத் தொடரா கட்டுங்க, 8 ஓம் ஆகிடும். ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும்.

இதைத் தலைகீழாப் பண்ணினா ஆபத்தே இல்லை. கார் ஆம்ப்ல 8 ஓம் வீட்டு ஸ்பீக்கர் மாட்டினா வாட் பாதியாகும், சூடும் பாதியாகும். பிரிட்ஜ் பண்ணும்போது மட்டும் பாத்துக்கணும். ரெண்டு சேனலைச் சேர்த்து சப்புக்குக் கொடுத்தா 4 ஓமுக்குக் கீழ போகக் கூடாது.

ட்வீட்டர் பத்தி ஒண்ணு. கார்ல 6×9 பின்கண்ணாடிக்குக் கீழ வானத்தைப் பாத்து இருக்கும், ஒலி நேரா காதுக்கு வராது. அதை ஈடுகட்ட ட்வீட்டரைத் தூக்கலா வெச்சிருப்பாங்க. வீட்ல அதையே காதுக்கு நேரா வெச்சா ‘ஸ்’ எழுத்தெல்லாம் ஊசியா குத்தும். பெட்டியை 15, 20 டிகிரி வெளிப்பக்கம் திருப்புங்க. போதலைன்னா ட்வீட்டருக்குப் போற கம்பியில, அங்க இருக்குற சின்ன கெப்பாசிட்டரோட தொடரா 2 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணைப் பத்தவைங்க.

உச்சிப்புளி ரேடியோ
ஹெட் யூனிட்டை, அதாவது கார் டேஷ்போர்டுல இருக்குற ரேடியோ பிளேயரை, யாரும் பேசல. என் கணக்குல கார் செட்லயே வீட்டுக்கு முதல்ல கொண்டு வர வேண்டியது அதுதான், அதோட எஃப்எம் டியூனருக்காக. ஓடுற வண்டியில நிலையத்தை விடாம பிடிக்கணும்னு செஞ்சது. மொபைல் எஃப்எம் கிட்டக்கூட வராது. நம்ம கடற்கரையில இலங்கைத் தமிழ் நிலையங்கள் காதுக்கு எட்டுற தூரம், தனுஷ்கோடியிலருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான்.

4×50 வாட்னு முகப்புல போட்டிருக்கும். 14.4 வோல்ட்ல பிரிட்ஜ் அவுட்புட் 4 ஓமுக்கு 26 வாட்டைத் தாண்டவே முடியாது, நிஜத்துல 18 வரும். அதனால 10 ஆம்பியர் சப்ளை தாராளம். பொதுவான நிறக்கணக்கு: மஞ்சள் எப்பவும் 12 வோல்ட், சிவப்பு சுவிட்ச் வழியா, கறுப்பு நெகட்டிவ், நீலமும் வெள்ளையும் கலந்தது ஆம்போட ரெம்முக்கு. மஞ்சளையும் சேர்த்து அணைச்சா நிலையமெல்லாம் மறந்துடும். ஸ்பீக்கர் நெகட்டிவ் கம்பிகளை ஒண்ணாச் சேர்த்து கிரவுண்ட்ல கட்டினா ஐசி அங்கேயே முடிஞ்சது.

ஆன்டெனாவுக்கு டிஷ் கேபிளும், தலா 73 சென்டிமீட்டர்ல ரெண்டு துண்டு 1.5 செம்பு வயரும். கேபிள் நடுக்கம்பி ஒண்ணுல, வலை இன்னொண்ணுல. வயரோட பிளாஸ்டிக் தோலை உரிக்காம அப்படியே விடுங்க, உரிச்சா உப்புல பச்சை பூத்துடும். வடக்கு தெற்கா நீட்டிக் கட்டினா கிழக்க இலங்கையும் வடமேற்க கோடை பண்பலை 100.5 (கொடைக்கானல் வானொலி) இருக்குற பக்கமும் ரெண்டும் ஏறத்தாழ அதுக்கு நேரா வரும். கிடையாச் சரியா வரலைன்னா செங்குத்தா நிறுத்திப் பாருங்க.

கீழக்கரை ஒலி
ஹெட் யூனிட்டுக்கு நான் எதிரி இல்லை. 10 ஆம்பியர்ல முடியுற வேலை. 12வோல்ட் தம்பி, பேட்டரிக்கு இன்னும் மூணு பதில் பாக்கி. ரெண்டு பேட்டரி 24 வோல்ட் இன்வெர்ட்டர் வெச்சவங்க என்ன பண்றது? இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறும்போது 100 ஹெர்ட்ஸ்ல ஒரு ‘ம்ம்ம்’ கேக்குமே, அதுக்கு? உப்புக்கு?

மண்டபம் 12வோல்ட்
24க்கு நேரா பதில்: மாட்டக் கூடாது. ரெண்டுல ஒரு பேட்டரியில மட்டும் 12 வோல்ட் எடுத்தா அது காலியாகும், மத்தது நிறைஞ்சிருக்கும். சார்ஜர் ரெண்டையும் ஒண்ணாப் பாத்து நிறைஞ்சதை இன்னும் கொதிக்கவைக்கும். அந்த வீட்ல எஸ்எம்பிஎஸ் மட்டும்தான்.

‘ம்ம்ம்’ சத்தம் முக்காவாசி டிவி, டிஷ் பாக்ஸ் வழியா வர்ற கிரவுண்ட் சுத்துல (சாதனங்களோட கிரவுண்ட் கம்பிகள் சேர்ந்து உண்டாகுற வளையம்) வரும். ஆம்புக்குப் பாட்டு சிக்னல் கொண்டு வர்ற ஆர்சிஏ கேபிளைப் பிடுங்கிப் பாருங்க. சத்தம் நின்னா ஆர்சிஏல கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்க. நிக்கலைன்னா சார்ஜர்தான், கரண்ட் இருக்கும்போது எஸ்எம்பிஎஸ்ல ஓட்டுங்க.

பேட்டரியிலருந்து எடுத்தா பாசிட்டிவ்ல 45 சென்டிமீட்டருக்குள்ள 30 ஆம்பியர் ஃபியூஸ். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். அதனால சுவிட்சையும் ரிலேயையும் பேட்டரிக்கு நேர் மேல வைக்காதீங்க, கடைசி இணைப்பையும் அங்க கொடுக்காதீங்க, ஆம்ப் பக்கம் கொடுங்க.

உப்புக்கு: கார் வயரிங் கிட்ல வர்றது நிறைய செம்பு பூசின அலுமினியம். முனையைச் சுரண்டினா வெள்ளையாத் தெரியும், அதைத் தூக்கிப் போடுங்க. வெள்ளீயம் பூசின செம்புக் கம்பி, முனையில அழுத்திப் பிடிச்ச லக் (திருகுல மாட்டுற உலோக வளையம்), மேல சூடு காட்டினா சுருங்கும் குழாய், இதெல்லாம் போடுங்க. பேட்டரி முனையில வாசலின். எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஜன்னலைப் பாத்து இருக்கக் கூடாது, உப்பை உள்ள இழுத்து போர்டு மேல அப்பிடும்.

கீழக்கரை ஒலி
இவ்வளவும் செஞ்சா ஓடும், ஒத்துக்கறேன். இவ்வளவும் செய்ற செலவுல கிளாஸ் டி போர்டும் அடாப்டரும் வாங்கிட்டு கார் ஸ்பீக்கரை மட்டும் வெச்சுக்கலாம்ங்கறதுதான் இன்னமும் என் கட்சி. சொல்லாலே முடிக்க வேண்டாம், மீட்டர்ல பாத்துடலாம். ஆம்போட பாசிட்டிவ் நெகட்டிவ் முனையிலேயே மீட்டரை வெச்சுக்கிட்டு சத்தத்தை ஏத்துங்க. 11 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா சப்ளை பத்தல, என் போர்டு ஜெயிச்சது.

மண்டபம் 12வோல்ட்
சரி, மீட்டரையே கேப்போம். ஆனா பாட்டு போட்டு அளக்காதீங்க, டிஜிட்டல் மீட்டர் மெதுவானது, பேஸ் அடிக்கிற நொடி வீழ்ச்சியைக் காட்டாது. மொபைல்ல 50 ஹெர்ட்ஸ் டோன் போடுங்க. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, கெயினை (ஆம்ப் மேல இருக்குற சிக்னல் அளவுத் திருகு) அடியில வெச்சு, ஏசி வோல்ட்ல அவுட்புட்டைப் பாத்துக்கிட்டே ஏத்துங்க. 4 ஓமுக்கு 50 வாட்னா 14.1 வோல்ட், அங்க கெயினை நிறுத்துங்க. 6×9க்கு ஹைபாஸ் 80 ஹெர்ட்ஸ் (அதுக்கு மேல இருக்குறதை மட்டும் விடும்), சப்புக்கு லோபாஸ் 80 (கீழ இருக்குறதை மட்டும் விடும்). இப்போ சப்பை மட்டும் மாட்டி அதே டோனை மூணு நொடி மட்டும் விடுங்க, அதுக்கு மேல விட்டா காயில் சூடாகும். அந்த மூணு நொடியில டிசி பக்கம் மீட்டர் என்ன காட்டுதோ அதை எழுதுங்க. கம்பியோட நீளத்தையும் தடிமனையும் கூடவே எழுதுங்க, இல்லைன்னா அந்த எண்ணை வெச்சு யாரும் எதையும் சொல்ல முடியாது.