8 இன்ச் சப்வூஃபரை மாற்றப் போகிறேன்: ஒரு 12 போர்ட்டடா, இரண்டு 10 சீல்டா?

அடிநாதம் (கேள்வி)

அறை 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். டிவி முன்சுவரில். மூன்று பேர் உட்காரும் சோஃபா அறையின் நட்டநடுவில், அதாவது முன்சுவரிலிருந்து 7 அடியில். பின்சுவரில் கதவில்லாத ஒரு வாசல், ஹாலுக்குத் திறக்கிறது. 5.1 ரிசீவர், சப் அவுட் ஒன்றுதான். முன் ஸ்பீக்கர்கள் ஐந்தேகால் இன்ச் புக்‌ஷெல்ஃப். சப்வூஃபர் 8 இன்ச் போர்ட்டட் (காற்றுத் துளை உள்ள பெட்டி), 100 வாட், வலது முன்மூலையில் இருக்கிறது.

பேஸ் கிட்டாரில் சில சுரங்கள் மட்டும் ‘தொம் தொம்’ என்று காதை அடைக்கின்றன. ஆனால் படத்தில் வெடிப்போ இடியோ வரும்போது வயிற்றில் இறங்க வேண்டியது இறங்குவதில்லை. எழுந்து பின்சுவர் ஓரம் போய் நின்றால் அதே காட்சியில் அதிர்வு கிடைக்கிறது!

முக்கால்வாசி படம், மிச்சம் பாட்டு. பட்டியலில் இருப்பவை: 20 ஹெர்ட்ஸில் ட்யூன் செய்த (அந்தத் துளை அதிகம் ஒலிப்பது அங்கே) 12 இன்ச் போர்ட்டட் ஒன்று, அல்லது 10 இன்ச் சீல்டு (துளையில்லாமல் மூடிய பெட்டி) இரண்டு. எது சரி? கூடவே ஒரு சின்னத் தொல்லை: எதுவும் ஓடாதபோதும் சப்பிலிருந்து மெல்லிய ‘ம்ம்ம்’ சத்தம் வருகிறது.

நிலையலை

சப்பை மாற்றும் முன் சோஃபாவை நகர்த்துங்கள். உங்கள் இரண்டு புகாருக்கும் பெரிய பங்கு அந்த 7 அடிக்குத்தான்.

ஒலி நொடிக்குச் சுமார் 1130 அடி போகும். அதை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் முதல் மோடு (சுவர்களுக்கு இடையே ஒலி தேங்கி நிற்கும் அதிர்வெண்): 1130 ÷ 28 = 40 ஹெர்ட்ஸ். இரண்டாவது மோடு 80. முதல் மோடில் அழுத்தம் முன்சுவரிலும் பின்சுவரிலும் உச்சம், நடுவில் பூஜ்யம். இரண்டாவதில் இரண்டு சுவரிலும் நடுவிலும் உச்சம், கால் பாகத்திலும் முக்கால் பாகத்திலும் பூஜ்யம். ஆக, உங்கள் சோஃபா 40க்குப் பள்ளத்திலும் 80க்கு மேட்டிலும் கிடக்கிறது. ‘தொம் தொம்’ என்பது 80. இறங்காமல் போவது 40. பின்சுவர் ஓரம் 40 மறுபடி உச்சத்துக்கு வருகிறது, அங்கே அதிர்வு கிடைப்பது அதனால்தான்.

இதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு 15 இன்ச் வாங்கினாலும் மேடு மேடாகவே, பள்ளம் பள்ளமாகவே இருக்கும். ஈக்யூவில் (அதிர்வெண்வாரியாக அளவை ஏற்றி இறக்கும் வசதி) பள்ளத்தைத் தூக்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு பவர் கொடுக்க வேண்டும், அவ்வளவும் சுவரோரம் போய்ச் சேருமே தவிர உங்கள் காதுக்கு வராது. ஈக்யூ மேட்டை வெட்டுவதற்கு.

செய்ய வேண்டியது: காது முன்சுவரிலிருந்து 9 முதல் 9.5 அடியில் வரும்படி சோஃபாவைப் பின்னுக்குத் தள்ளுங்கள். 9.5 அடியில் 40 ஹெர்ட்ஸ் அழுத்தம் உச்சத்தில் பாதி அளவுக்கு வந்துவிடும், 80 பாதிக்கும் கீழே இறங்கும். இன்னும் பின்னால், 10.5 அடிக்குப் போகாதீர்கள். அது சரியாக முக்கால் பாகம். 80 அங்கே காணாமல் போகும், க்ராஸ்ஓவரும் (ஸ்பீக்கர் விட்டதைச் சப் எடுத்துக்கொள்ளும் எல்லை) 80இல்தான் இருக்கும் என்பதால் ஸ்பீக்கரும் சப்பும் சேரும் இடத்திலேயே ஓட்டை விழும்.

அடுத்து சப்பின் இடம். மூலை என்பது எல்லா மோடையும் ஒன்றுவிடாமல் கிளப்பும் இடம். பக்கச் சுவரை ஒட்டி, முன்சுவரிலிருந்து மூன்றரை அடியில் வைத்தால் 80 பெரிதாகக் கிளம்பாது. சில டெசிபெல் குறையும், வால்யூமில் ஈடுகட்டிக்கொள்ளலாம். இதையெல்லாம் இப்போதிருக்கும் 8 இன்ச்சை வைத்தே செய்து பாருங்கள்.

மூடியபெட்டி

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனா 8 இன்ச் 8 இன்ச்தான். சோஃபாவை எங்க தள்ளினாலும் அது 25 ஹெர்ட்ஸ் தராது. என் ஓட்டு ரெண்டு 10 சீல்டுக்கு.

கோன், அதாவது ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் ஆடுற கூம்பு, எவ்வளவு காத்தைத் தள்ளுதுன்னு பாருங்க. 12 இன்ச்சுக்குக் கோன் பரப்பு சுமார் 500 சதுர செ.மீ. ஒரு பக்கம் 14 மி.மீ. போய்வரும்னு வைங்க, 700 சி.சி. வரும். 10 இன்ச் ஒண்ணு சுமார் 340 சதுர செ.மீ., 12 மி.மீ. போகும்னா ரெண்டுக்கும் சேர்த்து 816. உங்க பழைய 8 இன்ச் 215 பரப்பு, 8 மி.மீ.ன்னா வெறும் 172. அதே சத்தம் ஒரு ஆக்டேவ் கீழ, அதாவது பாதி அதிர்வெண்ல, வேணும்னா நாலு மடங்கு காத்து வேணும். வாட்டைப் பார்த்து வாங்குறவங்க தடுமாறுறது இங்கதான்: வாட்டை ரெட்டிப்பாக்கினா 3 டெசிபெல் ஏறும், அதுவும் கோனுக்கு நகர இடம் மிச்சம் இருந்தா.

அதோட, சீல்டு மெதுவா 12 டெசிபெல்/ஆக்டேவ் சரிவுல இறங்கும். உங்க அறையில 40க்குக் கீழ ரூம் கெயின் (அறையே பேஸைத் தூக்கிக் கொடுக்கிறது) ஆரம்பிக்கும், அந்தச் சரிவைத் தாங்கிப் பிடிக்கும். போர்ட்டட் ட்யூனிங்குக்குக் கீழ 24 டெசிபெல்லுல விழும், ஃபில்டர் இல்லாட்டி கோன் பிடிமானமில்லாம ஆடும்.

நிலையலை

ரூம் கெயின் இறுக்கமாக மூடிய அறைக்கு. இவர் பின்சுவரில் கதவில்லாத வாசல் இருக்கிறது. 40க்குக் கீழே அறை ஒரு மூடிய பெட்டிபோல நடந்துகொண்டால்தான் அந்தக் கெயின் வரும், இங்கே அது ஹாலுக்குக் கசிந்துவிடும். சீல்டை 20 ஹெர்ட்ஸ் வரை ஈக்யூவில் இழுத்தால் 10 இன்ச்சின் ஓட்டம் அங்கேயே தீர்ந்துவிடும். ட்யூனிங்குக்கு அருகே போர்ட்டே வேலை செய்வதால் அதே அளவு கோனிலிருந்து பல டெசிபெல் கூடுதலாகக் கிடைக்கும். முக்கால்வாசி படம் பார்ப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

இரண்டு சப் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதற்குக் காரணம் சத்தம் அல்ல, சோஃபாவில் இருக்கும் மூன்று பேர்.

அடிநாதம்

சோஃபா 9.5 அடிக்கு, சப் வலது பக்கச் சுவரில் மூன்றரை அடிக்குப் போனது. மொபைல் செயலியில் அளந்தது, வால்யூமைத் தொடவில்லை:

பழைய இடம்: 30 ஹெர்ட்ஸில் 58 டெசிபெல், 40இல் 62, 80இல் 84.
புதிய இடம்: 30இல் 59, 40இல் 70, 80இல் 74.

‘தொம் தொம்’ போய்விட்டது. ஆனால் 30 போட்டால் போர்ட்டிலிருந்து ‘புஸ் புஸ்’ என்று காற்றுதான் வருகிறது. வலது ஓரம் உட்காருபவருக்குப் பேஸ் அதிகம், நடுவில் இருப்பவருக்குக் குறைவு. இரண்டு சப் வைத்தால் எங்கே வைப்பது?

நிலையலை

மொபைல் மைக் அடிமட்டத்தில் குறைத்துக் காட்டும், ஆகவே 30இல் வந்த எண்ணை 80இல் வந்த எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஒரே அதிர்வெண்ணில் முன், பின் ஒப்பிடலாம். அந்த வகையில் 80 பத்து டெசிபெல் இறங்கி, 40 எட்டு ஏறியது நல்ல பலன். முறையாக அளக்க யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விஸார்டு மென்பொருளும் போதும். 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (அதிர்வெண் படிப்படியாக ஏறும் டோன்) விட்டு, ஸ்மூத்திங் (வரைபடத்தின் மேடுபள்ளத்தை மழுப்புவது) இல்லாமல் பாருங்கள்.

‘புஸ் புஸ்’ என்பது போர்ட்டில் காற்று அளவுக்கு மீறிய வேகத்தில் போகும் சத்தம். அந்த 8 இன்ச் தன் எல்லையைத் தொட்டுவிட்டது, இனி மாற்றுவதில் நியாயம் இருக்கிறது.

இரண்டு சப்புக்கு ஆடியோ நிறுவனமான ஹார்மனில் டாட் வெல்ட்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு சொல்லும் எளிய விடை, எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகள். உங்கள் பின்சுவரில் வாசல் இருப்பதால் இப்படிச் செய்யலாம்: ஒன்று வலது பக்கச் சுவரில் 3.5 அடியில், மற்றது இடது பக்கச் சுவரில் 10.5 அடியில். நீளவாக்கில் 40 ஹெர்ட்ஸ் மோடை இரண்டும் எதிரெதிராகத் தள்ளி அடக்கிவிடும். 80க்கு இரண்டுமே பூஜ்யப் புள்ளியில் இருக்கின்றன. அகலவாக்கில் 11 அடிக்கு வரும் 51 ஹெர்ட்ஸும் அடங்கும், வலது ஓரக்காரருக்கு அதிகம் வருவதில் அதற்கும் பங்கிருக்கும். நீள, அகலக் கணக்கில் முக்கியமாக மிஞ்சுவது இரண்டும் சேர்ந்து உண்டாக்கும் 65 ஹெர்ட்ஸ் மோடு. நடு இருக்கைக்கு அது வராது, ஓரங்களில் கொஞ்சம் தலைகாட்டும். அதை மட்டும் ஈக்யூவில் வெட்டலாம்.

இதற்கு இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். பழைய 8ஐப் பின்னால் வைத்துப் புதிய 12ஓடு ஓட்டலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்! வேண்டாம். 38இலோ 40இலோ ட்யூன் செய்த போர்ட்டும் 20இல் ட்யூன் செய்த போர்ட்டும் 30 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய எதிர் ஃபேஸில் இருக்கும். ஒன்று தள்ளினால் மற்றது இழுக்கும்.

இடம் இருந்தால் இப்போது ஒரு 12 போர்ட்டட், பிறகு அதே மாடலில் இன்னொன்று. அந்தப் பெட்டி பெரிதாக இருக்கும், அதில் வழியே இல்லை: சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் நிறைய சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் எடுக்க முடியும் என்பது ஹாஃப்மன் விதி. பக்கச் சுவரில் பெரிய பெட்டி நடக்க இடைஞ்சல் என்றால் மட்டும் இரண்டு 10 சீல்டு.

மூடியபெட்டி

சரி, வாசல் விஷயத்தில நான் விட்டுக்கொடுக்கிறேன். போர்ட்டட் வாங்கறதா இருந்தா போர்ட்டை அடைக்க ஃபோம் ப்ளக்கும், சீல்டு மோடுக்கு ஒரு ஸ்விட்சும் இருக்கிற மாடலா பாருங்க. பின்னாடி அந்த வாசலுக்குக் கதவு போட்டா உதவும்.

ஸ்பெக் படிக்கும்போது ஒண்ணு கவனிங்க. ‘20 ஹெர்ட்ஸ் வரை’ன்னு மட்டும் போட்டு ±3 டெசிபெல்லுன்னு போடலைன்னா அந்த வரிக்கு அர்த்தமே இல்லை. சிடிஏ-2010 (சப்போட அதிகபட்ச சத்தத்தை அளக்கிற தர முறை) அளவு கொடுத்திருந்தா 20, 25, 31.5 ஹெர்ட்ஸ் எண்களை மட்டும் பாருங்க, 63 எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும். ஆனா சிலர் 1 மீட்டர் பீக்னு போடுவாங்க, சிலர் 2 மீட்டர் ஆர்எம்எஸ்னு போடுவாங்க. ரெண்டுக்கும் 9 டெசிபெல் வித்தியாசம்: தூரத்துக்கு 6, பீக்குக்கு 3. 119ன்னு போட்டதும் 110ன்னு போட்டதும் கிட்டத்தட்ட ஒரே சப்பா இருக்கலாம்.

கம்பிவடம்

‘ம்ம்ம்’ சத்தத்துக்கு: சப்பின் ஆர்சிஏ கேபிளைச் சப் பக்கம் கழற்றுங்கள். சத்தம் நிற்காவிட்டால் சப்பின் ஆம்ப்பில் கோளாறு. நின்றால் கிரவுண்ட் லூப் (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வரும் இரைச்சல்), அல்லது கேபிளின் ஷீல்டு விட்டிருக்கிறது. கேபிளை மறுபடி மாட்டி, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கோஆக்ஸ் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். அப்படியானால் அந்த வயரில் ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போட்டால் போதும். இல்லையென்றால் ரிசீவரையும் சப்பையும் ஒரே ப்ளக் பாயின்ட்டிலிருந்து எடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஆர்சிஏ லைனில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர். மலிவானது அடிமட்டப் பேஸைத் தின்றுவிடும், 20 ஹெர்ட்ஸ் வரை தட்டையாகப் போவதை வாங்குங்கள்.

எர்த் பின்னை உடைத்தால் சத்தம் போகும் என்று யாராவது சொல்வார்கள். போகும். ஆனால் உள்ளே ஒரு வயர் நழுவினால் பெட்டியின் உலோகத் தகட்டில் மின்சாரம் நிற்கும். அதைச் செய்யாதீர்கள்.

அடிநாதம்

கோஆக்ஸைக் கழற்றியதும் நின்றது. 12 போர்ட்டட் ஒன்று வாங்குவதாக முடிவு. செட்டிங்கில் கவனிக்க வேண்டியது?

நிலையலை

சப்பின் பின்னால் இருக்கும் க்ராஸ்ஓவர் குமிழை முழுக்கத் திருப்பிவிடுங்கள், எல்எஃப்இ (படத்தின் தனி பேஸ் சேனல்) இன்புட் இருந்தால் அதில் சொருகுங்கள். இரண்டு ஃபில்டர் ஒன்றன்மேல் ஒன்று உட்காரக் கூடாது. ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரும் ‘ஸ்மால்’ (அடிமட்டப் பேஸைச் சப்புக்கு அனுப்பும் அமைப்பு), க்ராஸ்ஓவர் 80. ஐந்தேகால் இன்ச் திணறினால் 90 அல்லது 100. அதற்கு மேல் போனால் சத்தம் பக்கச் சுவரிலிருந்து வருவது காதுக்குத் தெரிந்துவிடும். எல்எஃப்இயின் லோபாஸ் 120. ‘எல்எஃப்இ + மெயின்’ (ஒரே பேஸை ஸ்பீக்கருக்கும் சப்புக்கும் சேர்த்து அனுப்புவது) வேண்டாம்.

சப்பின் கெயினை நடுவில் வைத்து ஆட்டோ காலிப்ரேஷன் (ரிசீவரே மைக்கில் அளந்து சரிசெய்வது) ஓட்டுங்கள். சப் ட்ரிம் (ரிசீவர் சப்புக்கு வைக்கும் டெசிபெல் அளவு) -5க்கும் 0க்கும் இடையில் விழுந்தால் நிறுத்தலாம். -12 என்று விழுந்தால் கெயினைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். ரிசீவரிலிருந்து வரும் சிக்னல் அவ்வளவு மெலிந்தால், மெதுவான காட்சிகளில் சப்பின் ஆட்டோ-ஆன் விழிக்காது.

கடைசியாகத் தூரம். டேப்பில் 8 அடி, ரிசீவரில் 12 அடி என்று வரலாம். அது தவறில்லை, சப்புக்குள் இருக்கும் டிஎஸ்பி (ஒலியைக் கையாளும் சிப்) எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்த கணக்கு. 8 என்று திருத்திவிடாதீர்கள். முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து ஓட, 80 ஹெர்ட்ஸ் டோன் போட்டு, சப் தூரத்தை ஒவ்வொரு அடியாக ஏற்றி இறக்கி இருக்கையில் அளவு எங்கே உச்சம் என்று பாருங்கள். 80இன் அலைநீளம் 14 அடி, அதனால் ஏழு அடிக்குள் ஒரு உச்சமோ ஒரு பள்ளமோ கண்டிப்பாக மாட்டும். உச்சத்தில் நிறுத்திவிட்டு, 70இலும் 90இலும் ஒருமுறை சரிபாருங்கள். 80இல் மட்டும் உயர்ந்து பக்கத்தில் இரண்டும் விழுந்தால் ஒரு அடி பின்வாங்கி வையுங்கள்.

மூடியபெட்டி

முதல் நாள் ராத்திரி 20லிருந்து 120 வரை ஒரு மெதுவான ஸ்வீப் விட்டுட்டு அறையைச் சுத்தி நடங்க. ஜன்னல் கண்ணாடி, பீரோக் கதவு, சுவர்ல மாட்டின படம், எது எந்த ஹெர்ட்ஸ்ல கிடுகிடுக்குதுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு ஃபெல்ட் ஒட்டுங்க. இல்லைன்னா பீரோ போடுற சத்தத்துக்குச் சப்பைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.