12 வயதுக்குட்பட்ட பேஸ்பால்: நல்ல பிட்சர் இரண்டே பேர், இரண்டு நாளில் நான்கு ஆட்டம். யாரை எப்போது இறக்குவது?

திடல்_பகாவ் (கேள்வி)

வணக்கம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் உள்ள பகாவ் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் கலந்த குழு. மொத்தம் 14 பேர். வாரத்தில் இரண்டு மாலை, ஐந்து மணிக்கு மேல், மழை விட்டால் பயிற்சி. அடுத்த மாதம் சனி, ஞாயிறு போட்டி. சனிக்கிழமை குழுச் சுற்றில் இரண்டு ஆட்டம். தேறினால் ஞாயிறு அரையிறுதியும் இறுதியும். ஆறு இன்னிங்ஸ், லிட்டில் லீக் (சிறுவர் பேஸ்பால் அமைப்பு) விதிமுறை, பிட்சருக்கும் (பந்து வீசுபவர்) ஹோம் பிளேட்டுக்கும் (பேட்ஸ்மேன் நிற்கும் இடம்) 46 அடி.

நம்பி இறக்கக்கூடிய பிட்சர்கள் இருவர்தான். இருவரும் ஆண்டு 6, நல்ல உயரம். மற்ற யாரை வீசவிட்டாலும் வாக் மேல் வாக் (நான்கு பந்து வெளியே போனால் பேட்ஸ்மேனுக்கு இலவசமாக முதல் பேஸ்). பெற்றோரில் பாதிப் பேர் "கோப்பை எடுக்கணும் சார், அந்த ரெண்டு பேரையே போடுங்க" என்கிறார்கள். மீதிப் பேர் "எங்க பையன் ரைட் பீல்டுல நின்னுக்கிட்டே இருக்கான், பந்தையே தொடல" என்கிறார்கள் (ரைட் பீல்டு என்பது வலப்பக்க வெளித்திடல்). இரு பக்கமும் நியாயம் உண்டு. வீச்சை எப்படிப் பங்கிடுவது, எல்லாரையும் ஆடவிட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேற முடியுமா, ஒரு மாதத்தில் புதுப் பிட்சர்களைத் தயார் செய்ய முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்கோர்புக்

சார், முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

இந்த வயதில் ஓர் இன்னிங்ஸுக்கு 15 முதல் 20 வீச்சு போகும். ஆறு இன்னிங்ஸ் என்றால் சுமார் 100, நான்கு ஆட்டத்துக்கு 400. லிட்டில் லீக் விதியில் 11-12 வயதுக்கு ஒரு நாளைக்கு 85 வீச்சுதான் உச்சம். ஓய்வு நாள் தனி: 20 வரை ஓய்வு தேவையில்லை, 21-35 என்றால் ஒரு நாள், 36-50 இரண்டு நாள், 51-65 மூன்று நாள், 66-க்கு மேல் நான்கு நாள். சனிக்கிழமை அந்த இருவரையும் 85 வரை வீசவைத்தால் 170 வீச்சு கிடைக்கும். அன்றைய இரண்டு ஆட்டத்துக்கே அது போதாது. ஞாயிறு இருவரும் வீசவே முடியாது. "அவங்க ரெண்டு பேரையே போடுங்க" என்பது கோப்பைக்கான வழியே இல்லை. இதைத் தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

திட்டம் 20 என்ற எண்ணைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். 20-க்குள் நிறுத்திய பிள்ளை மறுநாளும் வீசலாம், 21-ஐத் தொட்டுவிட்டால் ஞாயிறு போச்சு. நடுவில் ஒரு சலுகை உண்டு. 18-ஆவது வீச்சில் ஒரு பேட்ஸ்மேனைத் தொடங்கி அவரை முடிக்கும்போது 23 ஆகிவிட்டாலும், அடுத்தவருக்கு ஒரு பந்துகூடப் போடாமல் மாற்றிவிட்டால் 20 வரையிலான கணக்கிலேயே நிற்கும். போட்டி நடத்துபவர்கள் இதை அப்படியே ஏற்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நல்லவர் இருவரில் ஒருவரைச் சனிக்கும் மற்றவரை ஞாயிறுக்கும் ஒதுக்குங்கள். சனி முதல் ஆட்டத்தில் முதலாமவர் மூன்று இன்னிங்ஸ், 50-இல் நிறுத்தம். மீதி மூன்று இன்னிங்ஸுக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒன்று, 20-க்குள். இரண்டாம் ஆட்டத்தில் வேறு இருவர் ஆளுக்கு இரண்டு இன்னிங்ஸ், 35 வரை. கடைசி இரண்டுக்கு இன்னும் இருவர், ஆளுக்கு 20-க்குள். ஞாயிறு காலையில் கையில் இருப்பது தொடாமல் வைத்த நல்ல பிட்சர் ஒருவர், மீண்டும் வீசத் தகுதியுள்ள ஐந்து பேர். ஆகமொத்தம் ஒன்பது கை வேண்டும். எதிரணி மூன்று பேரை வைத்து ஓட்டினால் ஞாயிறு மதியம் அவர்களிடம் மிச்சம் இருக்காது.

எட்டுப் பயிற்சியில் ஒன்பது பேரைத் தயார்படுத்த முடியும், வேகத்தைக் கேட்காமல் இருந்தால். ஸ்டிரைக் பகுதி (பந்து போக வேண்டிய கட்டம்) தெரிய இரண்டு கம்புக்கு நடுவே ராஃபியா கயிறு கட்டுங்கள்: கீழ்க் கயிறு முழங்கால் உயரம், மேல் கயிறு அக்குள் உயரம், அகலம் ஹோம் பிளேட் அளவு, 17 அங்குலம். முதல் இரண்டு பயிற்சி 38 அடியிலிருந்து, பிறகு 46. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 வீச்சு போதும். பத்தில் ஐந்து கயிற்றுக்குள் போனால் அந்தப் பிள்ளையை ஓர் இன்னிங்ஸுக்கு நம்பலாம்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, குறி பார்க்கிறேன் என்று கையை மெதுவாக்கித் தள்ளுவது. அப்போது பந்து தொங்கிக்கொண்டு மேலே போகும், முழு வீச்சாகப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று, முன்கால் குறுக்கே விழுவது. பிட்சர் நிற்கும் தட்டிலிருந்து பிளேட் வரை மண்ணில் ஒரு கோடு இழுங்கள். முன்கால் அந்தக் கோட்டின் மேலோ ஒரு சப்பாத்து அகலத்துக்குள்ளோ விழ வேண்டும். நம் செம்மண் திடலில் கால் தடம் தெளிவாகப் பதியும், பிள்ளையே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். பிளேட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கிளவ் எப்போதும் நட்ட நடுவில். ஓரம் பார்த்து வீசுவது இந்த வயதுக்கு வேண்டாம்.

எண்ணுவதற்கு, தஸ்பீஹ் (முஸ்லிம்கள் ஓதும் துதி) எண்ணப் பயன்படுத்தும் விரல் கவுண்டர் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். ஃபவுல் பந்தும் (அடித்தும் கோட்டுக்கு வெளியே போனது) கணக்கில் சேரும், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் இன்னிங்ஸ் முடிந்ததும் எதிரணி ஸ்கோரரிடம் எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மூணாம்_பேஸ்

ஸ்கோர்புக் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஞாயிறும் எல்லாருக்கும் சமமாகப் பங்கு என்று போகாதீர்கள். நெருக்கமான ஆட்டத்தில் ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு பேஸில் ஆள் நிற்க, ஒரு ரன் முன்னிலையில் நிற்பதும் பிள்ளைகளுக்குப் பயிற்சிதான். அதை வலைப்பயிற்சியில் கொடுக்க முடியாது. வெல்ல ஆசைப்படுவதற்குப் பிள்ளைகள் வெட்கப்பட வேண்டியதில்லை, கோச்சும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அதனால் அடிமட்டக் கோடு ஒன்று போடுங்கள். லிட்டில் லீக் வழக்கமான சீசனில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது ஆறு அவுட் வரை திடலில் இடம், ஒரு முறை பேட்டிங் என்று இருக்கிறது. நான்கு ஆட்டத்திலும் அதற்குக் கீழே போகக்கூடாது. சனிக்கிழமை அதற்கு மேல் தாராளமாகக் கொடுங்கள். ஞாயிறு முதல் நான்கு இன்னிங்ஸில் எல்லாருடைய பங்கையும் முடித்துவிட்டு, கடைசி இரண்டுக்கு உங்கள் வலுவான தடுப்பை (பீல்டிங் ஆட்களை) இறக்குங்கள். இது முன்கூட்டியே அறிவித்த விதியாக இருந்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆட்டத்தின் நடுவில் திடீரென்று மாற்றினால்தான் வரும்.

ஒதுக்கிவைத்த நல்ல பிட்சரை அரையிறுதியில் போடுங்கள், இறுதிக்காகச் சேமிக்காதீர்கள். அரையிறுதியில் தோற்றால் சேமித்தது எதற்கு? இதில் ஸ்கோர்புக் வேறுபடலாம்.

இடம் மாற்றும்போது பாதுகாப்பை மறக்க வேண்டாம். முதல் பேஸில் நிற்பவருக்குப் பந்து வேகமாக நேரே வரும். டென்னிஸ் பந்தைப் பத்துக்கு எட்டு பிடிக்காத பிள்ளையை அங்கே நிறுத்தினால் முகத்தில்தான் வாங்கும். அந்தப் பிள்ளைக்கு முதலில் இரண்டாம் பேஸ், லெஃப்ட் பீல்டு. ரைட் பீல்டில் நிற்பவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுங்கள்: உள்வட்டத்திலிருந்து முதல் பேஸுக்குப் போகும் ஒவ்வோர் எறிக்கும் பின்னால் ஓடிவந்து காப்பு நிற்க வேண்டும். இந்த வயதில் முதல் பேஸைத் தாண்டி ஓடும் பந்து ஓர் ஆட்டத்தில் பல தடவை வரும். காப்பு இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் இரண்டு பேஸ்.

தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. பயிற்சிக்கு வராத பிள்ளைக்கு ஆட்டத்தில் இடமில்லை என்று சில குழுக்களில் விதி இருக்கிறது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் வேலை முடிந்து வந்தால்தான் அந்தப் பிள்ளை வர முடியும். அந்த விதி பிள்ளையின் ஆர்வத்தை அளப்பதில்லை. வேனுக்கு வழி செய்யுங்கள், முடியாவிட்டால் விதியைத் தளர்த்துங்கள்.

பிசியோ_நெகிரி

கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

12 வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு மேடு இன்னும் முழுதாக இறுகவில்லை. வளரும் குருத்தெலும்பு வழியாகத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வீச்சிலும் தசை அந்த மேட்டை இழுக்கிறது. போதிய ஓய்வில்லாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அங்கே வீங்கும், மோசமானால் எலும்புத் துண்டே பெயரும். பெரியவர்களுக்குத் தசைநார் அறும் இடத்தில் பிள்ளைகளுக்கு எலும்பே பெயர்கிறது.

அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் 481 இளம் பிட்சர்களைப் பத்தாண்டு பின்தொடர்ந்து 2011-இல் முடிவை வெளியிட்டது. ஒரே ஆண்டில் 100 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களுக்குக் கடும் காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 3.5 மடங்கு. மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014-இல் கொண்டுவந்த 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி 9-12 வயதுக்கு ஆண்டில் 80 இன்னிங்ஸ் உச்சம் என்கிறது. ஆண்டில் நான்கு மாதம் எறிவதே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிடிவாதத்துக்குப் பேர்போன ஜப்பான் உயர்நிலைப்பள்ளிப் பேஸ்பாலே 2020-இல் வாரத்துக்கு 500 வீச்சு என்று வரம்பு வைத்துவிட்டது.

நம் ஊரில் குளிர்காலம் இல்லை, அதனால் தானாக ஓய்வு வராது. பேஸ்பால் முடிந்தால் மென்பந்து, அது முடிந்தால் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு எறிதல், இடையில் கிரிக்கெட், பூப்பந்து. தோளுக்கும் முழங்கைக்கும் எல்லாம் ஒரே கணக்கு. ஓய்வு மாதங்களில் காற்பந்துக்கும் ஓட்டத்துக்கும் அனுப்புங்கள்.

கர்வ் பந்து (வளைந்து போகும் வீச்சு) வேண்டாம். கர்வ் மட்டுமே கையைக் கெடுக்கிறது என்பதற்கான ஆதாரத்தைவிட, அதிக வீச்சும் களைப்பும் கெடுக்கின்றன என்பதற்கான ஆதாரம்தான் வலுவானது. ஆனாலும் 'பிட்ச் ஸ்மார்ட்' இந்த வயதுக்கு நேர்வேகப் பந்தும் சேஞ்ச்-அப்பும்தான் என்கிறது. சேஞ்ச்-அப்புக்கு வீச்சு அதேதான், பிடி மட்டும் மாறும்: மூன்று விரலைப் பந்தின் மேல் வைத்து உள்ளங்கை வரை ஆழமாகப் பிடித்தால் வேகம் தானே குறையும்.

வலிக்கு முன்னால் களைப்பு தெரியும். பந்துகள் தொடர்ந்து மேலே போகும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், வீச்சுக்கும் வீச்சுக்கும் நடுவே நேரம் நீளும், பிள்ளை கையை உதறும். இரண்டு அடையாளம் சேர்ந்து தெரிந்தால் எண்ணிக்கை 15 ஆனாலும் மாற்றுங்கள். முழங்கையின் உள்மேட்டை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? அன்றே எறிவதை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் போட்டு அழுத்தி உருவிவிடக் கூடாது. மாத்திரை கொடுத்து வலியை மறைத்து வீசவைப்பது அதைவிட மோசம்.

திடல்_பகாவ்

மூவருக்கும் நன்றி. 20 கணக்கை இன்றே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். பேட்டிங்கில், "இரண்டு ஸ்டிரைக் வரை அடிக்காதே, வாக் வரும்" என்று சொல்லித்தான் பல குழுக்கள் ரன் எடுக்கின்றன. நாமும் அப்படிச் செய்வதா? வீசி முடித்த பிட்சரை எங்கே நிறுத்துவது? கேட்சரும் ஒருவர்தான் உருப்படி.

ஸ்கோர்புக்

அடிக்காமல் நிற்பது இந்த வயதில் நிச்சயம் ரன் கொடுக்கும், ஏனென்றால் எதிர் பிட்சருக்கும் ஸ்டிரைக் விழாது. இரண்டு வருடத்தில் பிட்சர் 60 அடி 6 அங்குலத்துக்குப் போவார், பேஸ் தூரம் 60 அடியிலிருந்து 90 ஆகும், வீசுபவர்கள் ஸ்டிரைக் போடக் கற்றிருப்பார்கள். அப்போது நம் பிள்ளைக்கு ஒரு பந்தை அடிக்கவே பழக்கம் இருக்காது. பன்ட்டும் (மட்டையால் பந்தை மெல்லத் தட்டி அருகிலேயே விழவைப்பது) அப்படித்தான். 12 வயதுத் தடுப்பு தடுமாறுவதால் வேலை செய்கிறது, 14-இல் சுலப அவுட். என் விதி இது: முதல் ஸ்டிரைக் பந்து நடுவில் வந்தால் அடித்தே ஆக வேண்டும், தவறவிட்டாலும் திட்டு கிடையாது. மூன்று பந்து வெளியே போய் ஸ்டிரைக்கே விழாத நிலையில் மட்டும் ஒன்றை விடலாம். போட்டி விதி அனுமதித்தால் 14 பேரையும் வரிசையில் போடுங்கள். ஆளுக்கு இரண்டு முறையாவது வரும்.

உங்கள் உயரமான இருவரைப் பற்றியும் யோசியுங்கள். நம் பள்ளிக் கணக்கில் ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே ஆண்டு. அதோடு வளர்ச்சி சிலருக்கு 11-இலேயே தொடங்கும், சிலருக்கு 14 ஆகும். இன்று 46 அடியில் வேகத்தால் ஜெயிப்பவர் தூரம் கூடும்போது கட்டுப்பாடு இல்லாமல் திணறலாம். இன்று சின்னதாக நிற்கும் பிள்ளை அப்போது மேலே வரலாம். ஒன்பது கை என்று சொன்னதற்கு இதுவும் காரணம்.

அரையிறுதி விஷயத்தில் மூணாம்_பேஸோடு ஒத்துப்போகிறேன். ஆனால் நான்கு ரன் முன்னிலை வந்ததும் அந்தப் பிட்சரை வீச்சிலிருந்து எடுத்துவிடுங்கள். இறுதியில் அவரை மீண்டும் வீச வைக்க வேண்டாம், ஒரே நாளில் இரண்டு ஆட்டத்தில் வீசக்கூடாது. ஷார்ட்ஸ்டாப்பில் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே) நிற்கட்டும் என்றால் அங்கேயும் நீள எறிதல். வீசி முடித்தவருக்கு முதல் பேஸோ இரண்டாம் பேஸோதான் சரி.

கேட்சர் இடத்துக்கு விதியே இருக்கிறது. 41 வீச்சு எட்டியவர் அன்று கேட்சராக நிற்க முடியாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவர் அன்று வீச முடியாது. கேட்சர் பிட்சருக்குத் திருப்பி எறிவதும் ஓர் ஆட்டத்துக்கு நூறு எறிதான். நம் வெயிலில் மார்புக் கவசமும் கால் கவசமும் போட்டு ஆறு இன்னிங்ஸ் குந்த வைத்தால் நாலாவதிலேயே பந்து கைநழுவும். இரண்டு பேரை இன்னும் பழக்குங்கள், ஆளுக்கு மூன்று இன்னிங்ஸ். முதல் வாரம் டென்னிஸ் பந்தை முன்னால் குத்தவைத்து மார்பால் தடுக்கப் பழக்கினால் போதும், கிளவ்வால் அள்ளுவது அப்புறம். கவசம் ஒரு செட்தான் இருந்தால், மாறும் கேட்சர் இன்னிங்ஸ் இடைவெளிக்கு முன்பே கால் கவசத்தை மாட்டத் தொடங்க முடியாது, நேரம் போகும். மூன்றாவது இன்னிங்ஸில் நாம் பேட்டிங் செய்யும்போது, வரிசையில் தூரத்தில் இருப்பவராகப் பார்த்து மாற்றுங்கள். வயிற்றுக்குக் கீழான கப் மட்டும் ஆளுக்கு ஒன்று தனியாக வாங்கியே ஆக வேண்டும்.